கேமிங் லேப்டாப் மந்தமாக ஓடுகிறதா? முதலில் வாட்டைப் பாருங்கள்

"கேம் திக்குது, கிராபிக்ஸ் கார்டை ஓவர்கிளாக் பண்ணிக் கொடுங்க" என்று, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டச் சொல்லி, லேப்டாப்பைக் கொண்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த சார்ஜரில் விளையாடுகிறீர்கள் என்பதைத்தான். கார்டைப் பற்றிக் கேட்காமல் சார்ஜரைப் பற்றிக் கேட்கிறாரே என்று பலர் முழிப்பார்கள். காரணம் இருக்கிறது.

லேப்டாப் கிராபிக்ஸ் கார்டின் வேகம் அதன் பெயரில் மட்டும் இல்லை. அதற்குக் கிடைக்கும் மின்சாரத்திலும் இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப்பை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளலாம் என்று தயாரிப்பாளர்களுக்கு என்விடியா இடம் கொடுத்திருக்கிறது. தடிமனான மாடல்களில் டைனமிக் பூஸ்ட்டும் (தேவைப்படும்போது பிராசஸரின் பங்கிலிருந்து கார்டுக்குத் தரும் கூடுதல் மின்சாரம்) சேர்ந்து 140 வாட் வரை போகும். சில மெலிசான மாடல்களில் அதில் பாதிகூட இருக்காது. ஆனால் இரண்டின் மேலும் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் ஒன்றேதான். வாங்கும்போது "டிஜிபி (கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்கிய மின்சார அளவு) எத்தனை வாட்?" என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால், தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலின் விவரத்தைத் தேடிப் பாருங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, கேமைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, மூன்று விஷயங்களைப் பாருங்கள்: ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) எத்தனை வாட் எடுக்கிறது, எவ்வளவு சூடாகிறது, வேகத்தை எது தடுக்கிறது என்று காட்டும் 'பெர்ஃபார்மன்ஸ் லிமிட்' வரிசையில் எதற்கு நேராக 'யெஸ்' (Yes) என்று வருகிறது.

அண்மையில் ஒரு கல்லூரி மாணவர் கொண்டுவந்த மெஷினில் சூடு 60 டிகிரிகூட இல்லை, வாட் மட்டும் நாற்பதைத் தாண்டவில்லை. குளுகுளுவென்று இருந்துகொண்டே மெதுவாக ஓடினால் அது வெப்பப் பிரச்சினை இல்லை, கரண்ட் போதவில்லை என்று அர்த்தம். விசாரித்ததில், கூட வந்த 230 வாட் சார்ஜர் கனமாக இருக்கிறதென்று வீட்டிலேயே வைத்துவிட்டு, 65 வாட் டைப்-சி சார்ஜரில் ஓட்டியிருக்கிறார். பழைய சார்ஜரை மாட்டியதும் வேகம் திரும்பிவிட்டது. டூப்ளிகேட் சார்ஜரிலும் இதே கதை நடக்கும். சில மாடல்கள் தன் சார்ஜரை அடையாளம் காணாவிட்டால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பேட்டரியில் விளையாடினால் முழு வேகம் வரவே வராது. சார்ஜர் சரியாக இருந்தால், அப்புறம் சைலன்ட் மோடில் கிடக்கிறதா என்று பாருங்கள். லெனோவோ லீஜியனில் எஃப்என்-னோடு க்யூ பட்டனை அழுத்தினால் மோடு மாறும்.

வாட் ஏறி, சூடும் 85-ஐத் தாண்டி, பிறகு வாட் இறங்குகிறது என்றால் அது வெப்பம். அடிமூடியைக் கழற்றினால் ஃபேன் சுத்தமாகத்தான் தெரியும். பலர் அதோடு மூடிவிடுகிறார்கள். ஃபேனைக் கழற்றிப் பாருங்கள். ஃபேனுக்கும் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவே தூசியும் முடியும் அமுங்கி, கம்பளித் துண்டு மாதிரி படிந்திருக்கும். வெளியிலிருந்து புளோயர் அடித்தால் இது எளிதில் வராது, பெயர்த்தே எடுக்க வேண்டும். புளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் கண்டபடி சுற்றினால் பேரிங் போய்விடும். சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே தடவியிருக்கும் பேஸ்ட் காய்ந்திருந்தால் மாற்றுங்கள். என் விருப்பம் பிடிஎம் 7950 போன்ற, சூட்டில் இளகும் ஷீட்தான். சாதாரண பேஸ்ட் போல ஓரத்துக்குப் பிதுங்கி வெளியேறுவது இதில் குறைவு. பேஸ்ட்டுக்குப் பதிலாகப் போடும் லிக்விட் மெட்டலை (திரவ உலோகம்) வீட்டில் தொடாதீர்கள். அது மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். ஒரு துளி போர்டில் சிந்தினால் போதும்.

இதற்குப் பிறகும் வேகம் வேண்டும் என்றால், மக்ஸ் ஸ்விட்ச் (திரையை எந்த கிராபிக்ஸோடு இணைப்பது என்று மாற்றும் வசதி) உள்ள மாடலில் அதை டிஸ்க்ரீட் மோடுக்கு, அதாவது கேமிங் கார்டு நேரடியாகத் திரைக்கு வரையும் நிலைக்கு, மாற்றுங்கள். இல்லாவிட்டால் கேமிங் கார்டு வரையும் ஒவ்வொரு ஃபிரேமும் பிராசஸரோடு இருக்கும் சின்ன கிராபிக்ஸ் வழியாகச் சுற்றித்தான் திரைக்கு வரும். ஒற்றை ரேம் மட்டும் இருந்தால் ஜோடியாக்குங்கள். கேம் நடுவே வரும் திக்கல் நன்றாகக் குறையும். ஓவர்கிளாக்கைவிட அண்டர்வோல்ட்டை நான் அதிகம் நம்புகிறேன். வோல்டேஜைக் கொஞ்சம் இறக்கினால், அதே வாட்டுக்குள் கிளாக் (சிப் ஓடும் வேகம்) கூடுதலாக நிற்கும். அளவு மீறினால் கேம் கிராஷ் ஆகும், அவ்வளவுதான். பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம்.

ஆனால் வீடியோ பார்த்து, வேறொரு மாடலின் விபயாஸை (கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் அடிப்படை மென்பொருள்) ஏற்றி வாட்டைக் கூட்டும் வேலை வேண்டவே வேண்டாம். 80 வாட்டுக்கென்று செய்த போர்டில் சிப்புக்குக் கரண்ட் கொடுக்கும் மாஸ்ஃபெட், காயில், ஹீட்சிங்க், சார்ஜர் எல்லாமே அந்தக் கணக்குக்குத்தான் போட்டிருப்பார்கள். சிப் கூடுதல் வாட்டைத் தாங்கிவிடும். ஆனால் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகிவிடலாம், சில சமயம் சிப்பையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். வாரண்டியும் கைவிட்டுவிடும். ஏற்கெனவே ஏற்றிவிட்டவர்கள், பழைய விபயாஸ் ஃபைல் கையில் இருந்தால் அதையே திரும்ப ஏற்றிவிடுங்கள். ஃபைல் இல்லையென்றால் வேறு ஃபைலை முயற்சி செய்யாமல், புரோகிராமர் (சிப்பில் நேரடியாக ஃபைலை எழுதும் கருவி) வைத்திருக்கும் போர்டு சர்வீஸ்காரரிடம் கொண்டுபோங்கள்.