விரியன் நஞ்சும் சூரை மீனும் மறிக்கும் நொதி

உயர் இரத்த அழுத்தத்துக்கு மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் மாத்திரைகளில் எனலாபிரில், ராமிப்ரில் என்று ‘பிரில்’ என முடியும் பெயர்கள் பல உண்டு. அவை அனைத்தும் நம் உடலில் உள்ள ஒரே ஒரு நொதியைக் குறிவைப்பவை. ஆஞ்சியோடென்சின் மாற்று நொதி என்றும், சுருக்கமாக ஏ.சி.இ. என்றும் அழைக்கப்படும் இந்த நொதி இரத்தக் குழாய்களின் உட்சுவரில், குறிப்பாக நுரையீரலின் நுண்குழாய்களில், ஏராளமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. மீனிலிருந்தும் பாலிலிருந்தும் செடிகளிலிருந்தும் அழுத்தத்தைக் குறைக்கும் பொருள்கள் கிடைத்துள்ளன என்று வரும் செய்திகளில் பெரும்பாலானவையும் இந்த நொதியைச் சுற்றியே அமைந்திருப்பதால், அது செய்யும் வேலையை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

சிறுநீரகத்துக்கு வரும் இரத்தத்தின் அழுத்தம் குறைந்தாலோ உடலில் உப்பு குறைந்தாலோ, சிறுநீரகம் ரெனின் என்னும் பொருளை இரத்தத்தில் விடுகிறது. ஸ்டாக்ஹோமில் ராபர்ட் டிகர்ஸ்டெட்டும் பெர் பெர்க்மனும் 1898இல் முயல்களின் சிறுநீரகச் சாற்றில் கண்டறிந்த பொருள் இது. கல்லீரல் உருவாக்கி அனுப்பும் ஒரு பெரிய புரதத்திலிருந்து பத்து அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு சங்கிலியை ரெனின் வெட்டி எடுக்கிறது. ஆஞ்சியோடென்சின் ஒன்று எனப்படும் அந்தச் சங்கிலியால் பெரிதாக எந்த விளைவும் இல்லை. அது நுரையீரலைக் கடக்கும்போது ஏ.சி.இ. அதன் வால்பகுதியிலிருந்து இரண்டு அமினோ அமிலங்களை நறுக்கிவிடுகிறது. எஞ்சும் எட்டு அமினோ அமிலச் சங்கிலியான ஆஞ்சியோடென்சின் இரண்டோ தமனிகளின் தசையைச் சுருங்கவைத்து, அட்ரினல் சுரப்பியைத் தூண்டி, உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் பிடித்துவைக்கும்படி சிறுநீரகத்தை மாற்றி, அழுத்தத்தை உயர்த்துகிறது. இது போதாதென்று, இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் பிராடிகினின் என்னும் பொருளையும் இதே ஏ.சி.இ. சிதைத்துவிடுகிறது. சுருக்கும் பொருளை உருவாக்குவதும் தளர்த்தும் பொருளை அழிப்பதும் ஒரே நொதியாக இருப்பதால்தான், அதை மறித்தால் இரு வழிகளிலும் அழுத்தம் இறங்குகிறது.

இதற்கான முதல் தடயம் பிரேசில் நாட்டுப் பாம்பு ஒன்றின் நஞ்சிலிருந்து வந்தது. ஜராராக்கா என்னும் அந்த விரியன் கடித்தவர்களுக்கு இரத்த அழுத்தம் சடுதியில் சரிந்துவிடும். அந்த நஞ்சை ஆராய்ந்தபோதுதான் மவுரிசியோ ரோச்சா இ சில்வாவும் அவருடைய கூட்டாளிகளும் 1940களின் இறுதியில் பிராடிகினினைக் கண்டறிந்தனர். அவருடைய மாணவர் செர்ஜியோ ஃபெரெய்ரா, நஞ்சில் உள்ள சில பெப்டைடுகள், அதாவது குட்டையான அமினோ அமிலச் சங்கிலிகள், பிராடிகினினின் விளைவைப் பன்மடங்கு கூட்டுகின்றன என்று 1965இல் காட்டினார். லண்டனில் ஜான் வேனின் ஆய்வகத்தில் அந்த நஞ்சின் சாறு பரிசோதிக்கப்பட்டபோது, அது மறிப்பது ஏ.சி.இ.யை என்பது தெரியவந்தது. நஞ்சிலிருந்து பிரித்தெடுத்த ஒன்பது அமினோ அமிலப் பெப்டைடு ஒன்று நோயாளிகளிடமும் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அதை ஊசியாகத்தான் செலுத்த முடிந்தது. வாய்வழியே கொடுத்தால் பலன் இல்லை. அமெரிக்காவின் ஸ்குவிப் நிறுவனத்தில் மிகுவேல் ஒண்டெட்டியும் டேவிட் குஷ்மனும், அந்தப் பெப்டைடின் கடைசியில் புரோலின் என்னும் அமினோ அமிலம் இருப்பதையும் நொதியின் நடுவே ஒரு துத்தநாக அணு இருப்பதையும் அடிப்படையாகக் கொண்டு, புரோலினோடு துத்தநாகத்தைப் பற்றிக்கொள்ளும் ஒரு கந்தகத் தொகுதியை இணைத்துச் சிறிய மூலக்கூறு ஒன்றை உருவாக்கினார்கள். 1981இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற கேப்டோபிரில் அதுதான். இயற்கைப் பொருள் மருந்தாவது என்றால் பெரும்பாலும் இப்படித்தான்: மூலப்பொருளை அப்படியே கொடுப்பதில்லை, அதன் வடிவத்தில் உள்ள சூத்திரத்தைப் பிடித்துக்கொள்வது.

புரோலினில் முடியும் குட்டையான பெப்டைடு இந்த நொதியை மறிக்கும் என்றால், அப்படிப்பட்ட துண்டுகள் சாதாரண உணவுப் புரதங்களிலும் இருக்க வேண்டுமே என்ற கேள்வி எழுவது இயல்பு. 1979இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஜெலட்டினை நொதியால் சிதைத்து அத்தகைய துண்டுகளைக் காட்டினர். அதன் பின்னர் பால், மத்தி மீன், வாகமே என்னும் கடற்பாசி என்று எதைச் சிதைத்தாலும் ஏதாவதொரு துண்டு ஏ.சி.இ.யை மறித்தது. புரதம் என்பதே அமினோ அமிலங்களின் நீண்ட தொடர் என்பதால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. உரிய இடங்களில் வெட்டினால் உரிய துண்டு எங்காவது கிடைத்தே தீரும்.

இவற்றுள் எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றுவது சூரை மீனின் கதை. ஜப்பானியச் சமையலில் சாற்றுக்கு அடிப்படையாக இருக்கும் கட்சுவோபுஷி, வரிச்சூரையை வேகவைத்து, புகையூட்டி, கல்போல் இறுகும்வரை உலர்த்திச் செய்யப்படுவது. அதைத் தெர்மோலைசின் என்னும் நுண்ணுயிர் நொதியால் சிதைத்தபோது லியூசின், லைசின், புரோலின், அஸ்பராஜின், மெத்தியோனின் என்ற வரிசையில் ஐந்து அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு ஒன்று கிடைத்தது. அது நொதியை மறிக்கும் வலிமை நடுத்தரமானதுதான். ஆனால் ஏ.சி.இ. அதைத் தன் வழக்கப்படி வாலிலிருந்து இரண்டு அமினோ அமிலங்களை நறுக்கித் தள்ளும்போது, எஞ்சி நிற்பது புரோலினில் முடியும் மூன்று அமினோ அமிலத் துண்டு. அதன் மறிக்கும் வலிமையோ ஏறத்தாழ எட்டு மடங்கு. நொதியின் செயலைப் பாதியாகக் குறைக்க ஐந்து அமினோ அமிலப் பெப்டைடு லிட்டருக்கு 2.4 மைக்ரோமோல் தேவைப்பட்டது. அது வெட்டுப்பட்ட பின் 0.32 போதும். தன்னை மறிக்கப்போகும் பொருளை அந்த நொதி தானே வெட்டித் தயாரித்துக்கொள்கிறது. அதே சோதனையில் கேப்டோபிரிலுக்கு 0.022 மைக்ரோமோல் போதுமானதாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் பக்கத்திலும் இலங்கையிலும் மாசிக் கருவாடு என்று விற்கப்படுவது இதே சூரையினத்தை வேகவைத்துப் புகையூட்டி உலர்த்தியதுதான். அதைச் சம்பலில் இடித்துச் சேர்த்தால் அழுத்தம் குறையும் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. தெர்மோலைசின் நம் வயிற்றில் இல்லை. நம் செரிமான நொதிகள் வேறு இடங்களில் வெட்டுபவை, ஆகவே கிடைக்கும் துண்டுகளும் வேறாக இருக்கும். போதாததற்குக் கருவாட்டோடு வரும் உப்பு, சிறுநீரகத்தின் வழியே அழுத்தத்தை எதிர்த்திசையில் தள்ளும்.

சோதனைக் குழாயிலிருந்து மனித உடல்வரை உள்ள தொலைவு இங்கேதான் புலப்படுகிறது. விழுங்கிய பெப்டைடு முதலில் வயிற்றையும் சிறுகுடலையும் சிதையாமல் கடக்க வேண்டும். புரோலினின் வளைய அமைப்பு செரிமான நொதிகளுக்கு எளிதில் இடங்கொடுக்காது என்பதாலும், இரண்டு மூன்று அமினோ அமிலத் துண்டுகளைக் குடற்சுவர் முழுதாகவே உள்ளிழுக்கும் என்பதாலும் சில தப்பிப் பிழைக்கின்றன. ஆனால் இரத்தத்தில் சேரும் அளவு மிகச் சொற்பம். இயல்பாகவே உயர் அழுத்தம் கொண்ட எலிகளிடம் பளிச்சென்று தெரிந்த விளைவு, மனிதர்களிடம் மங்கிப்போனது. ஜப்பானில் இத்தகைய பெப்டைடுகள் சேர்த்த பானங்கள் நலவுணவு என்ற அரசு ஒப்புதலுடன் விற்கப்படுகின்றன. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமோ 2010இல் சூரைப் பெப்டைடையும் 2012இல் பால் பெப்டைடுகளையும் பரிசீலித்து, அழுத்தத்தைப் பேணுவதற்கான காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று சொல்லிவிட்டது. ஆணையத்தின் கறாரான நிலைப்பாடே சரியென்று எனக்குப் படுகிறது.

செடிகளிடம் வழிகள் வெவ்வேறானவை. மிக வலுவான எடுத்துக்காட்டு சர்ப்பகந்தி என்னும் மூலிகைச் செடி. பம்பாயில் இதய மருத்துவராக இருந்த ருஸ்தம் ஜால் வகீல், அதன் வேரைக் கொண்டு உயர் அழுத்த நோயாளிகளுக்கு அளித்த சிகிச்சையின் முடிவுகளை 1949இல் பிரிட்டிஷ் இதய இதழில் வெளியிட்டார். 1952இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் அதிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தது. இரத்தக் குழாய்களைச் சுருக்க நரம்புகள் வெளியிடும் நோரட்ரினலின் என்னும் பொருள், நரம்பு முனைகளில் உள்ள சேமிப்புப் பைகளுக்குள் நுழையவிடாமல் ரெசர்பின் தடுக்கிறது. இருப்பு வற்றிப்போவதால் நரம்புகளால் இரத்தக் குழாயைச் சுருக்க இயலாமல் போகிறது. மூக்கடைப்பு, சோர்வு, சிலருக்கு மனச்சோர்வு என்று பக்க விளைவுகள் மிகுந்ததால் அது பின்னுக்குப் போனது.

சிவப்புப் புல்லிவட்டம் கொண்ட ரோசெல் செடி, நம் புளிச்சைக்கீரைக்கு நெருங்கிய உறவு. அதன் நிறமிகளான ஆந்தோசயனின்கள் ஏ.சி.இ.யை மறிக்கின்றன. அமெரிக்காவில் 65 பேர் பங்கேற்ற ஆறு வார ஆய்வில், நாளுக்கு மூன்று கோப்பை ரோசெல் தேநீர் குடித்தவர்களின் இரத்த அழுத்தத்தில் மேல் அளவு (சிஸ்டாலிக்) சராசரியாக 7.2 மில்லிமீட்டர் இறங்கியது. போலிப் பானம் குடித்தவர்களுக்கு 1.3 மட்டுமே. வீட்டு முற்றத்துச் செம்பருத்தி வேறு இனம் என்பதால், இந்த எண்களை அதன் கணக்கில் எழுதுவது பொருந்தாது.

பீட்ரூட்டும் கீரைகளும் நைட்ரேட் வழியே செயல்படுகின்றன. குடலில் உறிஞ்சப்பட்ட நைட்ரேட்டை உமிழ்நீர்ச் சுரப்பிகள் செறிவாக்கி வாய்க்கே திருப்பி அனுப்ப, நாக்கின் மேல் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. விழுங்கியபின் அது நைட்ரிக் ஆக்சைடாகி இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. லண்டனில் 2008இல் வெளியான ஆய்வில், அரை லிட்டர் பீட்ரூட் சாறு குடித்தவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்குள் மேல் அளவு 10 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்தது. உமிழ்நீரை விழுங்காமல் துப்பிவிடச் சொன்னபோது அந்த விளைவு மறைந்துவிட்டது. கிருமிநாசினி கலந்த வாய்கொப்புளிப்பானும் இதே சங்கிலியை அறுத்துவிடும். பூண்டின் கந்தகச் சேர்மங்களும் மீன் எண்ணெயின் ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களும் அழுத்தத்தைக் குறைப்பது உண்மைதான். ஆனால் மீன் எண்ணெயின் பங்கு சிறிது. அதற்கும் நாளுக்கு இரண்டு மூன்று கிராம் ஒமேகா-3 தேவைப்படும்.

மாத்திரை உட்கொள்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சிக்கல் உண்டு. ஏ.சி.இ.யை மறித்தால் பிராடிகினின் சிதையாமல் தேங்கும் என்று மேலே பார்த்தோம். அது நுரையீரலிலும் தேங்குவதால், ‘பிரில்’ மருந்துகளை எடுப்பவர்களில் சிலருக்கு விடாத வறட்டு இருமல் வருகிறது. இருமல் என்றதும் நம் வீடுகளில் கை போவது அதிமதுரத்துக்கு. அதிலுள்ள கிளைசிரைசின், சிறுநீரகத்தில் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனை முடக்கிவைக்கும் ஒரு நொதியைத் தடுத்துவிடும். முடக்கப்படாத கார்ட்டிசால், உப்பைப் பிடித்துவைக்கும் ஆல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனின் இடத்தில் அமர்ந்து அதே வேலையைச் செய்யத் தொடங்கும். தொடர்ந்து சில வாரங்கள் எடுத்தால் பொட்டாசியம் இறங்கி அழுத்தம் ஏறும். அழுத்த மாத்திரையால் வந்த இருமலுக்கு அழுத்தத்தை ஏற்றும் வேரைச் சுவைப்பதைவிட, மருத்துவரிடம் சொல்லி மாத்திரையை மாற்றிக்கொள்ளலாம். லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற மருந்துகள் நொதியைத் தொடாமல் ஆஞ்சியோடென்சின் இரண்டு பற்றும் இடத்தை மட்டும் அடைப்பவை என்பதால், பிராடிகினின் வழக்கம்போல் சிதைந்துவிடும். அந்த இருமலும் அரிதாகவே வரும்.