ஓடும் ‘ஓ’, ஓடாத ‘ஓ’

அப்பாவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைப் படம் பிடித்து அனுப்பி, “இந்த வார்த்தையை எங்கே மூச்சு விட்டுப் படிப்பது?” என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி. ஈஸாஃபகோகாஸ்ட்ரோடியூவோடினாஸ்கப்பி. பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலில் 27 எழுத்து. பயப்பட வேண்டாம், வாய்வழியாக எடுக்கும் எண்டோஸ்கோப்பிதான், ஓ.ஜி.டி. என்று சுருக்கியும் சொல்வார்கள்.

வாலிலிருந்து பிரிப்பது சுலபம். ஸ்கோப்பி என்றால் பார்ப்பது. எதை? உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல். குழாய் உள்ளே போகும் வரிசைதான் சொல்லின் வரிசையும். டியூவோடினம் என்ற பெயரே ஓர் அளவு: பண்டைய அலெக்சாண்ட்ரியாவில் ஹெரோஃபிலஸ் என்ற மருத்துவர் அந்தக் குடல் துண்டைப் ‘பன்னிரண்டு விரல்’ என்றார், நம் விரற்கடைக் கணக்குப் போல. அதன் லத்தீன் வடிவம்தான் இது.

மிச்சம், ஆங்கில எழுத்தில் துண்டுகளுக்கு நடுவே நிற்கும் மூன்று ‘ஓ’. மூன்றுக்கும் அர்த்தம் கிடையாது. எனக்குப் பிடித்தவை இவைதான். இரைப்பைக்கான காஸ்ட்ர் மெய்யில் முடிகிறது, ஸ்கோப்பி மெய்யில் தொடங்குகிறது. நாக்கு இடறாமலிருக்க நடுவில் ஓர் ‘ஓ’. அழற்சியைக் குறிக்கும் ‘ஐடிஸ்’ வந்தாலோ காஸ்ட்ரைடிஸ், ‘ஓ’வைக் காணோம். “உயிர்வரின் உக்குறள் மெய்விட் டோடும்” என்று நன்னூலில் படித்தோமே, நாடு + இல்லை = நாடில்லை, அதே ஓட்டம்தான். தமிழில் இரண்டு உயிர் சந்தித்தால் ய், வ் வந்து சேர்த்து வைக்கும், அது உடம்படுமெய். இங்கே இரண்டு மெய்யைச் சேர்த்து வைக்கிற உயிர். ‘உடம்படுஉயிர்’ என்று நானாகப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு விலக்கு உண்டு. இரண்டு உறுப்புகள் சேரும் இடத்தில், அடுத்தது உயிரில் தொடங்கினாலும் ‘ஓ’ நகராது. காஸ்ட்ரோஎன்டரைடிஸைப் பாருங்கள்: காஸ்ட்ர், குடலுக்கான என்டர், ஐடிஸ். முதல் இணைப்பில் ‘ஓ’ உட்கார்ந்திருக்கிறது, அடுத்ததில் ஓடிவிட்டது.

இப்படிப் பிரிக்கப் பழகினால் சில வார்த்தைகளின் குட்டும் வெளிப்படும். இடியோபதிக் என்றால் ‘தனக்கே உரிய நோய்’, அதாவது காரணம் தெரியவில்லை. தமிழில் சொன்னால் ஃபீஸ் குறைந்துவிடுமோ என்னவோ.

சரி, மூச்சு விடும் இடம். பொருளுக்கு வெட்டுவது வேறு, வாய்க்கு வெட்டுவது வேறு. ஈ-ஸாஃப்-அ-கோ-காஸ்-ட்ரோ-டியூ-வோ-டி-னாஸ்-க-ப்பி. ஸ்கோப்பியின் ‘ஸ்’ பிய்ந்து முன்னால் ஒட்டிக்கொள்கிறது. அழுத்தமும் அந்த ‘னாஸ்’ மேல்தான். ‘ட்ரோ’ முடிந்ததும் மூச்சு விட்டுக்கொள்ளலாம். எண்ணிப் பார்த்தால் அசைகள் பன்னிரண்டு. ஹெரோஃபிலஸின் விரல்களும் அத்தனைதான். இதற்கு யாரும் ஜோசியம் பார்க்க வேண்டாம்.