குரோமோசோம் என்றால் மரபணு அல்ல, நிறப்புரி

"இந்த வெள்ளிவாள் (சில்வர்சுவார்டு) செடிக்கு மொத்தம் 28 மரபணுக்கள்." ஹவாய்த் தீவுகளின் தாவரங்களைப் பற்றித் தமிழில் குரல் கொடுத்த ஆவணப்படம் ஒன்றில் வரும் வரி இது. செடியும் எண்ணும் மாறும், பிழை மட்டும் மாறாது. நாளிதழின் அறிவியல் பக்கம், போட்டித் தேர்வுக் கையேடு, காணொளி என்று எங்கும் இதே கதைதான். சொல்ல வந்தது குரோமோசோம், சொன்னது மரபணு. குரோமோசோம் என்பது செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏ இழை, மரபணு என்பது அந்த இழையில் அடங்கிய ஒரு சிறு பகுதி. 28 மரபணுக்களை வைத்துக்கொண்டு ஒரு பாக்டீரியா கூடப் பிழைக்காது. நெல்லுக்கு 24 குரோமோசோம்கள். அவற்றில் அடங்கிய மரபணுக்கள் பல்லாயிரம். மனிதனின் 46 குரோமோசோம்களில் புரதம் செய்யும் மரபணுக்கள் மட்டுமே ஏறக்குறைய 20,000.

இரண்டு சொற்களின் பிறப்பையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1888இல் ஜெர்மானிய உடற்கூறியலாளர் வால்டயர் உருவாக்கிய சொல் குரோமோசோம். கிரேக்கத்தில் குரோமா என்றால் நிறம், சோமா என்றால் உடல். செல்லுக்குச் சாயம் ஏற்றினால் அதை நன்றாக உறிஞ்சிப் பளிச்சென்று தெரிவதால் அந்தப் பெயர். மரபணுவைக் குறிக்கும் ஜீன் என்ற சொல்லை டென்மார்க் தாவரவியலாளர் யோகான்சன் 1909இல்தான் கொண்டுவந்தார். இரண்டுக்கும் இடையே 21 ஆண்டுகள். முன்னது நுண்ணோக்கியில் கண்ணால் பார்த்து எண்ணக்கூடியது. பின்னது அப்படிப் பார்க்க முடியாதது. இரண்டு பொருளுக்கு இரண்டு சொல் வேண்டும் என்பதில் என்ன தகராறு?

தாவரவியல் படித்த எவரும் வெங்காய வேர்நுனியை நசுக்கிப் பார்த்திருப்பார்கள். நுனியை வெட்டி, ஆல்கஹாலும் அசெட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் போட்டு, அமிலத்தில் இளக்கி, கார்மைன் சாயம் ஏற்றி, ஸ்லைடில் வைத்து, கவர் ஸ்லிப்பின் மேல் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். கவர் ஸ்லிப் துளி நகர்ந்தாலும் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். சரியாக அமைந்தால் செந்நிறத்தில் 16 துண்டுகள் தெரியும். அவை நன்றாகப் பிரிந்து நிற்பதற்காக முன்கூட்டியே கோல்ச்சிசின் கொடுப்பதும் உண்டு. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கில் இருக்கும் நஞ்சுதான் அது. இந்தத் துண்டுகளைத்தான் ஆய்வாளர்கள் எண்ணுகிறார்கள். மரபணுவை இப்படி யாரும் எண்ணியதில்லை.

தீவுத் தாவரங்களின் விஷயத்தில் இந்த எண்ணிக்கைக்குப் பெரிய வேலை இருக்கிறது. வெள்ளிவாளின் உறவுக் கூட்டத்தையே பாருங்கள். மூன்று பேரினங்கள், சுமார் 30 சிற்றினங்கள். ஒன்று எரிமலைச் சரிவில் வெள்ளி ரோமம் போர்த்திய இலைக்கொத்தாக உட்கார்ந்திருக்கும், ஒன்று மரமாக நிற்கும், ஒன்று கொடியாக ஏறும், ஒன்று தரையில் மெத்தை போலப் படர்ந்துவிடும். வெளித்தோற்றத்தை வைத்து இவற்றை ஒரே குடும்பம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் பாலணுவில், அதாவது உடல் செல்லில் பாதி எண்ணிக்கை கொண்ட இனப்பெருக்கச் செல்லில், உள்ள எண்ணிக்கை 14 அல்லது 13, அவ்வளவுதான். ஜெரால்டு கார், டொனால்டு கைகோஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தச் செடிகளின் கலப்பினங்களில் குரோமோசோம்கள் எப்படி ஜோடி சேர்கின்றன என்று பார்த்து, எது எதற்கு நெருக்கம், எந்த இடத்தில் துண்டுகள் இடம் மாறின என்று வரிசைப்படுத்தினார்கள். 14தான் மூத்தது, 13 பின்னால் வந்தது. கூட்டத்தின் மூதாதையோ கடல் தாண்டிக் கலிபோர்னியாவிலிருந்து வந்த ஒரு சூரியகாந்திக் குடும்பச் செடி.

1961இல் ஃபவார்ஜே, கோந்தாந்திரியோபூலோஸ் என்ற இருவர் இதை ஒரு முறையாகவே வகுத்தார்கள். கோந்தாந்திரியோபூலோஸ் கோர்சிகா தீவின் தாவரங்களை ஆராய்ந்தவர். குரோமோசோம் தொகுதி இரண்டு இருந்தால் இருமடி, நான்கு இருந்தால் நான்மடி. தீவில் மட்டும் உள்ள செடி இருமடியாகவும், பெருநிலத்தில் பரவிய உறவுச்செடி நான்மடியாகவும் இருந்தால் தீவுச்செடிதான் மூத்தது. தீவுச்செடி நான்மடியாக இருந்து பெருநிலத்துச் செடி இருமடி என்றால் தீவுச்செடி பின்னால் பிறந்தது. இரண்டும் ஒரே எண் என்றால் ஒரு தாயிடமிருந்து பிரிந்தவை. நெருங்கிய உறவே மிஞ்சாமல் தனித்து நிற்பது பழம்பெரும் எச்சம். இந்த வாதத்தில் ஓரிடத்தில் 'மரபணு எண்ணிக்கை' என்று போட்டுவிட்டால் முழுவதும் சரிந்துவிடும். படிப்பவருக்கு எது மூத்தது என்பதும் புரியாது, ஏன் என்பதும் புரியாது.

சரி, தமிழில் எது? களத்தில் மூன்று சொற்கள். நம் பாடநூல்கள் குரோமோசோம் என்றே வைத்திருக்கின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் நிறமூர்த்தம். அடுத்தது நிறப்புரி. நிறமூர்த்தத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அறிவியல் முழுவதையும் தமிழிலேயே படிப்பித்த ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய சொல் அது. மூர்த்தம் என்றால் உருவம், உடல். கிரேக்கச் சொல்லுக்குச் சொல் வைத்த நேர்மை அதில் இருக்கிறது. ஆனால் சென்னைக் காதுக்கு மூர்த்தம் என்றால் கல்யாண நேரம். வகுப்பில் அந்தச் சொல்லைச் சொன்னதும் பிள்ளைகள் மனம் அங்கேதான் போகும். அதோடு, எந்த உருவத்துக்கும் பொருந்தும் பொதுச்சொல் அது. அந்தப் பொருள் எப்படி இருக்கும் என்று காட்டாது.

புரி காட்டும். புரி என்றால் முறுக்கிய இழை. முப்புரி நூல் என்கிறோம், வைக்கோல் புரி என்கிறோம். குரோமோசோம் என்பதும் புரதத்தைச் சுற்றிச் சுற்றி முறுக்கேறிய டிஎன்ஏ இழையே. வால்டயருக்கே தெரிந்திராத ஒரு செய்தியைத் தமிழ்ச் சொல் தன்னுள் வைத்திருக்கிறது.

இதற்கும் மறுப்புச் சொல்வார்கள். நிறம் என்று தொடங்குவதால் பூவின் நிறத்தைத் தீர்மானிப்பது என்று மாணவர்கள் எண்ணிக்கொள்வார்கள், நிறமியோடு குழப்பிக்கொள்வார்கள் என்பார்கள். உண்மைதான், சாயப்புரி என்று வைத்திருந்தால் இன்னும் துல்லியம். ஆனால் நிறமி வேறு, நிறப்புரி வேறு என்று ஒரு வகுப்பில் சொல்லிவிடலாம். மரபணு என்று பழகிவிட்டவரைத் திருப்பிக் கொண்டுவருவது அப்படி எளிதல்ல.

மரபணு என்று எழுதுகிறவர்களிடம் கேட்டால், "எல்லோருக்கும் தெரிந்த சொல், எளிமைக்காகப் போட்டோம்" என்கிறார்கள். இது எளிமையே அல்ல. பாலிபிளாய்டு என்று வந்ததும் அவர்கள் எங்கே போய் நிற்கிறார்கள்? 'பல்மரபணுத் தாவரம்' என்று எழுதுகிறார்கள். பல்மரபணு என்பது ஒரு பண்பைப் பல மரபணுக்கள் சேர்ந்து ஆள்வதற்கான சொல். உயரம், தோல் நிறம் எல்லாம் அதில் வரும். பாலிபிளாய்டு என்றால் நிறப்புரித் தொகுதியே பல மடங்காக இருப்பது. அதற்குப் பாடநூலிலேயே அருமையான சொல் இருக்கிறது: பன்மடியம். ஒருமடி, இருமடி, மும்மடி, நான்மடி என்று வரிசையாக வந்து விழுகிறது. இவ்வளவு ஒழுங்கான சொல் கையில் இருக்கும்போது பாடநூலைத் திறந்துகூடப் பார்க்காமல் மொழிபெயர்க்கிறார்கள் என்பதுதான் என் ஆத்திரம்.

சென்னைக்கு இந்த அலட்சியம் தகாது. கடற்கரைச் சாலையில் இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர் தாவரவியலாளர் ஜானகி அம்மாள். கோயம்புத்தூரில் கரும்பின் நிறப்புரிகளை ஆராய்ந்து, பிரிட்டிஷ் ஆய்வாளர் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் நிறப்புரி எண்களைத் தொகுத்து 1945இல் நூலாகத் தந்தவர். கடைசிக் காலத்தில் மதுரவாயலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்களத்தில் இருந்து, 1984இல் மறைந்தார். அவர் வாழ்நாள் முழுவதும் எண்ணியதைத் தமிழில் 'மரபணு' என்று எழுதுவது அவர் உழைப்பையே திரித்துச் சொல்வது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதே மொழிபெயர்ப்புகளில் எண்டமிக் என்ற சொல்லுக்கு 'அரிய' என்று போட்டிருப்பார்கள். அரிய என்பது எண்ணிக்கையைச் சொல்வது. எண்டமிக் இடத்தைச் சொல்வது. ஓரிடவாழ் என்பதே பொருத்தம். கலாபகசுத் தீவுகளின் ஸ்கலீசியா என்ற தாவரம் நான்மடிப் பேரினம், உடல் செல்லில் 68 நிறப்புரிகள். அந்தத் தீவுகளை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை. ஆனால் சாந்தா குரூஸ் தீவின் மேட்டுநிலத்தில் இதன் ஒரு சிற்றினம், வேளாண்மைக்கு வெட்டியது போக எஞ்சிய இடங்களில், மரம் மரமாக நெருங்கிக் காடாகவே நிற்கிறது. அதை ஓரிடவாழ் என்று எழுதலாம், அரிய என்று எழுதக்கூடாது.