விளக்கு எரிந்தும் அச்சாகாதது ஏன்? வைஃபை வலையமைப்பில் அச்சுப்பொறி சேரும் விதம்

அச்சுப்பொறியின் முகப்பில் வைஃபை விளக்கு சிமிட்டாமல் எரிந்துகொண்டிருக்கிறது. அதே வேளையில் கணினித் திரையில் அதன் பெயருக்குக் கீழே ‘ஆஃப்லைன்’ என்று காட்டுகிறது. தேர்வு நுழைவுச்சீட்டையோ வாடகை ஒப்பந்தத்தையோ அவசரமாக அச்சிட வேண்டிய நேரத்தில் இதைப் பார்ப்பவர்கள், இரண்டில் ஏதோ ஒன்று தவறாகச் சொல்கிறது என்றே நினைப்பார்கள். ஆனால் இரண்டுமே உண்மையாக இருக்க முடியும். அச்சுப்பொறி ரூட்டருடன் வானொலி அலைகள் வழியாகத் தொடர்பில் இருக்கிறது என்பதை மட்டுமே விளக்கு சொல்கிறது. தான் நினைவில் வைத்திருக்கும் முகவரியிலிருந்து பதில் வரவில்லை என்பதைக் கணினி சொல்கிறது. ‘இணைப்பு’ என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பிடுவது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட பல ஏற்பாடுகளை. அடியில் உள்ளது உறுதியாக நிற்க, மேலே உள்ளது முறிந்திருக்கலாம். எது எங்கே முறிகிறது என்று தெரிந்துகொண்டால், அச்சுப்பொறியை அணைத்து அணைத்துப் போட்டு நேரத்தைக் கழிக்க வேண்டியதில்லை.

அச்சுப்பொறியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் தேவைக்கும் வலையமைப்புகளின் பிறப்புக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1970களின் தொடக்கத்தில், கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் கேரி ஸ்டார்க்வெதர் லேசர் அச்சுப்பொறியை உருவாக்கினார். அங்கிருந்த ஆய்வாளர்கள் ஒவ்வொருவருக்கும் தனிக் கணினி கிடைக்கத் தொடங்கியபோது, அவை அனைத்தையும் அந்த ஓர் இயந்திரத்துடன் இணைக்க வேண்டியிருந்தது. அதற்காக ராபர்ட் மெட்காஃப் 1973இல் வகுத்த திட்டமே ஈதர்நெட். அவருக்கு முன்மாதிரியாக அமைந்தது கம்பிவழி அமைப்பு அன்று. ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் தலைமையில் 1971இல் இயங்கத் தொடங்கிய, தீவுகளை வானொலியால் இணைத்த அலோஹாநெட். ஒரே வெளியில் பல கருவிகள் பேசும்போது இரண்டு செய்திகள் மோதினால், ஒவ்வொன்றும் தற்செயலான ஒரு சிறு இடைவெளிக்குப் பிறகு மறுபடி முயல வேண்டும் என்ற அதன் கருத்தை மெட்காஃப் கம்பிக்குள் கொண்டுவந்தார். இன்று நம் வீட்டு அச்சுப்பொறி வைஃபையில் பேசும்போது, அந்தக் கருத்து தான் பிறந்த வெளிக்கே திரும்பியிருக்கிறது.

முதல் அடுக்கு வானொலி. ரூட்டர் விநாடிக்கு ஏறத்தாழ 10 முறை தன் பெயரையும் தன் பாதுகாப்பு முறையையும் அறிவித்துக்கொண்டே இருக்கும். அச்சுப்பொறி ஒவ்வொரு சேனலாக நின்று அந்த அறிவிப்புகளைக் கேட்டுப் பட்டியலிடும். வீடுகளுக்கான பல அச்சுப்பொறிகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கான வானொலி மட்டுமே இருக்கிறது. ஆகவே 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குத் தனிப் பெயர் சூட்டியிருந்தால் அந்தப் பெயர் அச்சுப்பொறியின் பட்டியலில் வராது; இது பழுதன்று. திறன்பேசி 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் 2.4இல் உள்ள அச்சுப்பொறிக்கு அச்சிட இயலாது என்று பலர் நம்புவதும் சரியன்று. இரண்டு அலைவரிசைகளையும் ரூட்டர் பொதுவாக ஒரே வலையமைப்பாகவே இணைத்து வைக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 செ.மீ.; 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் அதில் பாதிக்கும் குறைவு. நீண்ட அலை சுவரைக் கடந்து சற்றுக் கூடுதலாகச் செல்லும் என்றாலும், இரும்பு பீரோவுக்குப் பின்னால் அச்சுப்பொறியை வைத்தால் எந்த அலையும் தடுமாறும், ஏனெனில் உலோகம் அதைத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

அடுத்தது கடவுச்சொல். இந்தத் துறையில் மிகவும் சிந்திக்க வைக்கும் கேள்வி இங்கேதான் எழுகிறது என்பது என் கருத்து. விசைப்பலகை இல்லாத, சில சமயம் திரையும் இல்லாத ஒரு கருவிக்கு, அக்கம்பக்கத்தில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி ஒரு ரகசியத்தை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

இதற்கு ஒரு விடையாக வந்தது டபிள்யூ.பி.எஸ். பொத்தான். ரூட்டரில் ஒரு பொத்தானையும் அச்சுப்பொறியில் ஒரு பொத்தானையும் 2 நிமிடங்களுக்குள் அழுத்தினால், இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொண்டு கடவுச்சொல்லைத் தமக்குள் பரிமாறிக்கொள்ளும். இரு கருவிகளையும் கையால் தொடக்கூடியவர் வீட்டுக்காரராகத்தான் இருப்பார் என்பதே அந்த நம்பிக்கையின் அடிப்படை. அதே முறையில் பொத்தானுக்கு மாற்றாக 8 இலக்க எண் ஒன்றைத் தரும் வழியும் இருந்தது. அது பெரிய ஓட்டையாக முடிந்தது. 8 இலக்கம் என்றால் 10 கோடி வாய்ப்புகள் என்று தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். அதோடு, முதல் 4 இலக்கங்கள் சரியா தவறா என்பதை ரூட்டர் தனியாகவே வெளிப்படுத்திவிடும். எனவே முதல் பாதிக்கு 10,000, இரண்டாம் பாதிக்கு 1,000 என மொத்தம் 11,000 முயற்சிகளே போதும் என்று ஸ்டெஃபான் ஃபீபெக் என்ற ஆய்வாளர் 2011இல் வெளிப்படுத்தினார். ரூட்டரில் அந்த எண் வழியை அணைத்து வைப்பதே நல்லது. பாதுகாப்பை டபிள்யூ.பி.ஏ.3 என்ற புதிய முறைக்கு மட்டும் அமைத்திருக்கும் ரூட்டரில் பொத்தான் வழியும் வேலை செய்யாது.

இன்று பரவலாக உள்ள வழி வேறு. புதிய அச்சுப்பொறி சிறிது நேரத்துக்குத் தானே ஒரு ரூட்டரைப் போல நடந்துகொண்டு, தன் பெயரில் ஒரு தற்காலிக வலையமைப்பை அறிவிக்கும். நிறுவனத்தின் செயலியைக் கொண்ட திறன்பேசி அந்த வலையமைப்பில் சேர்ந்து, வீட்டு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒப்படைக்கும். உடனே அச்சுப்பொறி தன் தற்காலிக வலையமைப்பைக் கலைத்துவிட்டு வீட்டு ரூட்டரிடம் போய்ச் சேரும். இந்த ஒப்படைப்பு பாதியில் நின்றுபோவதற்குத் திறன்பேசியின் புத்திசாலித்தனமே அடிக்கடி காரணமாகிறது. அச்சுப்பொறியின் தற்காலிக வலையமைப்பில் இணையம் இருக்காது. அதை உணர்ந்த திறன்பேசி, தன்னை வைத்திருப்பவருக்கு உதவுவதாக எண்ணி, மொபைல் டேட்டாவுக்கோ பழைய வைஃபைக்கோ தாவிவிடும். அந்தச் சில நிமிடங்களுக்கு மொபைல் டேட்டாவை அணைத்து வைத்து, ‘இந்த வலையமைப்பில் இணையம் இல்லை’ என்ற எச்சரிக்கை வந்தாலும் அதிலேயே தொடரச் சொன்னால், மூன்று முறை தோற்ற முயற்சி நான்காவது முறை எளிதாக முடிவதைக் காணலாம். யு.எஸ்.பி. கம்பியை முதல் முறை மட்டும் செருகி, கணினியிலிருந்து கடவுச்சொல்லைக் கைமாற்றும் வழியும் இருக்கிறது. பழையது என்றாலும் நம்பகமானது.

கடவுச்சொல் கிடைத்த பிறகும் அச்சுப்பொறி அதை ரூட்டருக்கு அனுப்புவதில்லை. 2004இல் வந்து இன்றும் பெரும்பாலான வீடுகளில் உள்ள டபிள்யூ.பி.ஏ.2 முறையில், கடவுச்சொல்லையும் வலையமைப்பின் பெயரையும் சேர்த்து ஒரு கணிதச் செயல்பாட்டில் 4096 சுற்றுகள் கலக்கி, 256 பிட்டு நீளமுள்ள ஒரு சாவியை இரு தரப்பும் தனித்தனியே உருவாக்கிக்கொள்கின்றன. பிறகு ஒன்றுக்கொன்று தற்செயல் எண்களை அனுப்பி, அதே சாவி தன்னிடமும் இருக்கிறது என்பதை, சாவியைக் காட்டாமலேயே மெய்ப்பிக்கின்றன. இதனால் இரண்டு விளைவுகள் உண்டு. கடவுச்சொல்லில் ஓர் எழுத்து தவறினாலும் கணக்கு பொருந்தாமல் போகும்; ஆனால் எந்த எழுத்து தவறு என்று சொல்ல ரூட்டருக்கும் வழியில்லை, ஆகவே அச்சுப்பொறி ‘இணைய முடியவில்லை’ என்று மட்டுமே கூறும். மற்றொன்று பயனுள்ளது. சாவியில் பெயரும் கலந்திருப்பதால், ரூட்டரை மாற்றும்போது புதியதற்கும் பழைய பெயரையே, பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறாமல், பழைய கடவுச்சொல்லுடனும் பழைய பாதுகாப்பு முறையுடனும் கொடுத்துவிட்டால், அச்சுப்பொறி மாற்றத்தை அறியாமலே தானாக வந்து சேர்ந்துவிடும். பத்துக் கருவிகள் உள்ள சிறிய அலுவலகத்தில் இது அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

விளக்கு சிமிட்டுவதை நிறுத்துவது ஏறத்தாழ இந்தக் கட்டத்தில்தான். ஆனால் அச்சுப்பொறிக்கு இன்னும் முகவரி கிடைக்கவில்லை. ‘எனக்கு ஒரு முகவரி தருபவர் உண்டா?’ என்று அது வலையமைப்பு முழுவதும் கேட்கும்படி கேட்க, ரூட்டர் 192.168.1.23 என்பது போன்ற ஓர் ஐ.பி. முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுக்கும். இது சொந்த வீடு அன்று, குத்தகை. காலம் பாதி கழிந்ததும் அச்சுப்பொறி குத்தகையைப் புதுப்பிக்கக் கோரும். ஆனால் விடுமுறைக்காக ஒரு வாரம் அணைத்து வைத்திருந்தால் குத்தகை முடிந்து, அதே முகவரி வேறொரு திறன்பேசிக்குப் போயிருக்கலாம். திரும்பி வந்த அச்சுப்பொறிக்கு வேறு முகவரி கிடைக்கும். கணினியோ பழைய முகவரியின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன முரண்பாட்டுக்கு மிகவும் பொதுவான காரணம் இதுதான். ஒவ்வொரு வலையமைப்புக் கருவிக்கும் தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்ட 48 பிட்டு அடையாள எண் ஒன்று உண்டு. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் அந்த எண்ணுக்கு ஒரே முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

எந்த அடுக்கில் சிக்கல் என்பதை அறிய, பெரும்பாலான அச்சுப்பொறிகள் தம் அமைப்பு விவரங்களைத் தாமே ஒரு தாளில் அச்சிட்டுத் தரும். அந்த ஒரு தாளை முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதை நான் வலியுறுத்துவேன். அதில் முகவரி 169.254 என்று தொடங்கினால், அச்சுப்பொறியின் கேள்விக்கு எவரும் பதில் தராததால் அது தனக்குத் தானே ஒரு தற்காலிக எண்ணைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். முகவரி சரியாக இருந்து, கணினியில் பதிந்துள்ளது வேறாக இருந்தால், குறை அச்சுப்பொறியில் இல்லை.

முகவரியை மனிதர்கள் தேடி எழுதாமலே, அச்சிடும் பட்டியலில் அச்சுப்பொறியின் பெயர் தானாகத் தோன்றுகிறதே, அது எப்படி? ஆப்பிள் நிறுவனத்தில் ஸ்டூவர்ட் செஷயர் முன்னின்று உருவாக்கி, 2002இல் வெளிவந்து, பின்னர் போன்ஜூர் என்று அறியப்பட்ட ஏற்பாடு இதற்கு வழிவகுத்தது. ஊரில் தண்டோரா போடுவதைப் போன்றது அது. வலையமைப்பில் நுழைந்த அச்சுப்பொறி, தான் சூட்டிக்கொள்ள விரும்பும் பெயரை வேறு யாரேனும் வைத்திருக்கிறார்களா என்று கால் விநாடி இடைவெளியில் மூன்று முறை கேட்கும். மறுப்பு வராவிட்டால், ‘இந்தப் பெயரில், இந்த முகவரியில், அச்சிடும் சேவை இங்கே கிடைக்கும்’ என்று 224.0.0.251 என்ற பொதுக்குழு முகவரிக்கு அறிவிக்கும். திறன்பேசியில் ‘அச்சிடு’ என்று தொட்டவுடன், ‘அச்சிடுவோர் யார் யார்?’ என்று திறன்பேசி அதே குழுவில் கேட்க, அச்சுப்பொறிகள் பதில் தரும். இடையில் பதிவேடு வைத்திருக்கும் அதிகாரி எவரும் இல்லை.

அந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. தண்டோரா ஓசை ஊர் எல்லையைத் தாண்டாது. விருந்தினருக்கான தனி வைஃபையில் இருக்கும் திறன்பேசிக்கும், அலுவலக வி.பி.என். வழியாகத் தன் போக்குவரத்தை எல்லாம் வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும் மடிக்கணினிக்கும், இரண்டு அடி தொலைவில் இருக்கும் அச்சுப்பொறி கண்ணில் படாமல் போவது இதனால்தான். மேலும் வைஃபையில், ஒருவருக்கு மட்டும் அனுப்பும் தகவல் பொதிக்குப் ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற ஒப்புதல் வர வேண்டும், வராவிட்டால் அது மறுபடி அனுப்பப்படும். குழுவுக்கு ரூட்டர் அனுப்பும் அறிவிப்புக்கு அத்தகைய ஒப்புதல் இல்லை. காற்றில் தொலைந்தால் தொலைந்ததுதான். காலையில் பட்டியலில் இருந்த அச்சுப்பொறி மாலையில் காணாமல் போய், சற்று நேரத்தில் மறுபடி தோன்றும் விந்தைக்கு இது ஒரு காரணம்.

கண்டுபிடித்த பின் பேசும் மொழி இணைய அச்சு நெறிமுறை எனப்படும் ஐ.பி.பி. நீ எந்தக் கோப்பு வகையைப் புரிந்துகொள்வாய், எந்த அளவுத் தாள் இருக்கிறது, இரு பக்கமும் அச்சிடுவாயா என்று கணினி முதலில் விசாரிக்கும்; பதிலுக்கு ஏற்பப் பக்கத்தைத் தயாரித்து அனுப்பும். 2010இல் ஆப்பிள் கொண்டுவந்த ஏர்பிரிண்ட் என்ற அச்சிடும் வசதியும் இந்த உரையாடலின் மேல் கட்டப்பட்டதே. ஒவ்வொரு அச்சுப்பொறி மாதிரிக்கும் அதை இயக்கும் தனி மென்பொருளான டிரைவரைத் தேடி நிறுவ வேண்டிய நிலையை அது பெரிதும் குறைத்தது. அனுப்ப வேண்டிய தகவலின் அளவும் கவனிக்கத்தக்கது. அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அடர்த்தியில் ஓர் ஏ4 பக்கம் சுமார் 3 கோடியே 48 லட்சம் புள்ளிகளைக் கொண்டது. வண்ணப் பக்கத்தில் புள்ளிக்கு 3 பைட்டு என்றால் 10 கோடி பைட்டுக்கு மேல். விநாடிக்கு 20 மெகாபிட்டு மட்டும் கிடைக்கும் பலவீனமான இணைப்பில் அதைச் சுருக்காமல் அனுப்ப 40 விநாடிகளுக்கு மேல் ஆகும். வெள்ளைப் பரப்பு மிகுந்த கடிதம் நன்றாகச் சுருங்குவதால் விரைவில் போய்விடுகிறது. முழுப் பக்கப் புகைப்படம் அவ்வளவு சுருங்காது. படம் அச்சாகும் முன் இயந்திரம் அசையாமல் நிற்பதைப் பழுதென்று எண்ணி மீண்டும் மீண்டும் ‘அச்சிடு’ என்பதைத் தொட்டால், அத்தனை பிரதிகளும் வரிசையில் சேர்ந்துவிடும்.

இத்தனை ஏற்பாடுகளையும் அச்சுப்பொறி ஒவ்வொரு நாளும் புதிதாகக் கற்பதில்லை. வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும், மின்சாரத்தைத் துண்டித்தாலும் அழியாத நினைவகத்தில் பதிந்திருக்கின்றன. ஆகவே பழைய அச்சுப்பொறியை உறவினருக்குக் கொடுக்கும் முன்போ, எடைக்குப் போடும் முன்போ, அமைப்புப் பட்டியலில் உள்ள ஆரம்ப நிலைக்கு மீட்டமைக்கும் கட்டளையைக் கொடுத்துவிட வேண்டும். பிறகு அந்த அமைப்புத் தாளை மறுபடி அச்சிட்டுப் பார்த்தால், வீட்டு வலையமைப்பின் பெயர் அதில் எங்கும் இருக்கக் கூடாது.