கும்பல் சொன்ன காரணத்தை நம்ப மறுத்தவர்

செய்தி அறையில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது ஐடா பி. வெல்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பத்திரிகையாளரைப் பற்றித்தான்.

1862-இல் மிசிசிப்பியில் அடிமையாகப் பிறந்தவர், மெம்பிஸ் நகரில் 'ஃப்ரீ ஸ்பீச்' பத்திரிகையின் ஆசிரியரானார். 1892 மார்ச்சில் அங்கே மூன்று கறுப்பினத்தவரை வெள்ளையர் கும்பல் ஒன்று சிறையிலிருந்து இழுத்துப்போய்ச் சுட்டுக் கொன்றது. அவர்களில் தாமஸ் மாஸ் ஐடாவின் நெருங்கிய நண்பர். அவர்கள் நடத்திய மளிகைக்கடையால் பக்கத்து வெள்ளைக்காரரின் கடையில் வியாபாரம் குறைந்தது, பகை அங்கேதான் தொடங்கியது. அதுவரை, வெள்ளைக்காரப் பெண்ணைக் கெடுத்தவனைத்தான் கும்பல் கொல்கிறது என்று நாடே நம்பியது, ஐடாவும் ஓரளவு நம்பியிருந்தார். அப்புறம்தான் ஒவ்வொரு கொலையையும் தோண்ட ஆரம்பித்தார். எட்டு ஆண்டுகளில் 728 பேர் கொல்லப்பட்டதில், அந்தக் குற்றச்சாட்டே மூன்றில் ஒரு பங்கினர் மீதுதான் இருந்தது என்று எழுதினார். நிரூபணமா? அது வேறு பேச்சு.

நான் மிகவும் மதிப்பது இதை: 1895-இல் அவர் வெளியிட்ட அறிக்கைக்குக் கணக்குகளை வெள்ளையர் நடத்திய 'சிகாகோ ட்ரிப்யூன்' நாளேட்டிலிருந்தே எடுத்தார், இட்டுக்கட்டியது என்று யாரும் தள்ள முடியாதபடி.

1892-இல் அவர் எழுத்தைப் படித்துக் கறுப்பின மக்கள் மெம்பிஸை விட்டுக் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள், டிராம் வண்டியில் ஏற மறுத்தார்கள். அந்த ஆண்டு மே மாதமே அவர் வெளியூரில் இருந்தபோது வெள்ளையர் கும்பல் ஒன்று பத்திரிகை அலுவலகத்தை நொறுக்கியது. கொலை மிரட்டலால் ஊர் திரும்ப முடியவில்லை, நியூயார்க்கிலிருந்து எழுதினார், பிரிட்டன் போய்ப் பேசினார். ஆனால் அமெரிக்காவில் கும்பல் கொலைக்கு எதிரான கூட்டாட்சிச் சட்டம் 2022-இல்தான் வந்தது. அவர் இறந்தது 1931-இல்.

பத்திரிகைகளுக்கும் இதில் பங்கு உண்டு. அலபாமாவின் 'மான்ட்கமரி அட்வர்டைசர்', கொல்லப்பட்டவர்களைக் குற்றவாளிகள் என்று தான் முன்கூட்டியே முடிவுகட்டி எழுதியதற்காக 2018-இல் தலையங்கத்திலேயே வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டது.

இன்றும் என் மேசைக்கு வரும் முதல் தகவலில் 'தவறாக நடந்ததால் அடித்துக் கொன்றனர்' என்றுதான் இருக்கும். அந்த 'தவறாக நடந்ததால்' யார் சொன்னது? அடித்தவர்களா, போலீஸா, நேரில் பார்த்தவரா? செத்தவரின் வீட்டாரிடம் யாராவது பேசினார்களா? பதில் கிடைக்கும்வரை அந்தக் காரணத்தைத் தலைப்பில் வைக்க விடமாட்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்பும்முன் நீங்களும் இதையே கேளுங்கள்.