மார்பகப் புற்றுக்கு கீமோ, இதயத்துக்கு ஏன் எக்கோ?

கட்டி இருப்பது மார்பகத்தில். கீமோவுக்கு நாள் குறிக்கும் முன் டாக்டர் எழுதித் தருவதோ இதயத்துக்கு எக்கோ, அதாவது ஒலியலை ஸ்கேன். "நெஞ்சுவலியே வந்ததில்லையே, இது எதுக்கு?" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். பில்லை ஏற்றுகிறார்களோ என்ற சந்தேகமும் வரும். கேள்வி நியாயமானதுதான். விடை, ஏற்றப்போகும் மருந்தில் இருக்கிறது.

மார்பகப் புற்றுக்குப் பலருக்கும் தரப்படுவது டாக்சோரூபிசின். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து இத்தாலியில் கண்டெடுத்தது. அட்ரியாடிக் கடலின் பெயரால் அட்ரியாமைசின் என்றும் சொல்வார்கள். மருந்தே செக்கச் சிவப்பு. ஏற்றியபின் சிறுநீரும் ஓரிரு நாள் சிவந்து போகும், பயப்பட வேண்டாம்.

டிஎன்ஏ இழையின் முறுக்கை எடுக்க, டோப்போஐசோமரேஸ்-2 என்ற நொதி அதை வெட்டி மறுபடி ஒட்டும். மருந்து அந்த ஒட்டும் வேலையைக் கெடுக்கிறது. வெட்டுண்ட டிஎன்ஏவோடு புற்றுசெல் சாகிறது. வம்பு எங்கே என்றால், இந்த நொதிக்கு இரண்டு வடிவங்கள். வேகமாகப் பெருகும் செல்களில் ஆல்ஃபா, இதயத் தசையில் பீட்டா. மருந்து இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. செத்த இதயச் செல்லின் இடத்துக்குப் புதுச்செல் வருவது மிக அபூர்வம்.

சேதம் மொத்த அளவைப் பொறுத்தது. 2003-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 400 மி.கி. எட்டியவர்களில் சுமார் 5 சதவீதம் பேருக்கு இதயம் செயலிழந்தது. 550 எட்டியபோது அது 26 சதவீதம். மார்பகப் புற்றுக்கு வழக்கமாகத் தருவது 60 வீதம் 4 சுற்று, அதாவது 240 தான். ஆனாலும் வயதானவர்கள், பிபி உள்ளவர்கள், ஏற்கெனவே இதயம் தளர்ந்தவர்களுக்கு இந்த அளவே தாங்காமல் போகலாம்.

புற்றுசெல்லின் மேல் ஹெர்-2 என்ற ஏற்பி (வளரச் சொல்லும் செய்தியை வாங்கும் புரதம்) அதிகமாக இருந்தால், அதாவது ஹெர்-2 பாசிட்டிவ் என்றால், அதைக் குறிவைக்கும் ட்ராஸ்டுசுமாப் மருந்தும் சேரும். அது அடைக்கும் ஹெர்-2 ஏற்பி இதயச் செல்லிலும் உண்டு. இதில் வரும் தளர்ச்சி மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எக்கோ அறையில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, ஜெல் தடவி, இடது மார்பின் கீழே ப்ரோபை அழுத்துவார்கள். அந்தப் பக்கமே ஆபரேஷன் ஆகியிருந்தால் வலிக்கும், படமும் மங்கும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திரையில் இடது கீழறையின் உள்விளிம்பை வரைகிறார்கள். விரிந்தபோது 100 மி.லி., சுருங்கியபோது 40 என்றால், வெளியே போனது 60. ரிப்போர்ட்டில் வரும் இ.எஃப். (எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன்) 60 சதவீதம் என்பது இதுதான்.

பலர் இதை பாஸ்-ஃபெயில் பரீட்சையாக நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், இந்த எண்ணின் முக்கிய வேலை பிற்பாடுதான். கீமோ பாதியில் 53 என்று வருகிறது. ஆரம்பத்தில் 55 இருந்தவருக்கு அது ஒன்றுமேயில்லை. 68 இருந்தவருக்கு உடனே கவனிக்க வேண்டிய சரிவு. முதல் எண் கையில் இல்லாவிட்டால் இருவரையும் பிரித்தறிய வழியில்லை. அதோடு, சாதாரண 2டி எக்கோவில் ஒரே ஆளுக்கு இரண்டு முறை எடுத்தாலே 10 புள்ளி வரை முன்னே பின்னே வரலாம். அதனால் முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே மெஷினில் எடுப்பது நல்லது.

இ.எஃப். இறங்கும் முன்பே தசையின் சுருக்கம் குறையத் தொடங்கும். அதை அளப்பது ஸ்ட்ரெயின். முதல் அளவில் 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் எச்சரிக்கை. இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனையும் துணைக்கு வரும்.

முதல் எக்கோவிலேயே எண் குறைவாக இருந்தால் சிகிச்சையே இல்லை என்று அர்த்தமில்லை. டாக்சோரூபிசின் இல்லாத மருந்துக் கூட்டு இருக்கிறது. இதயத்தைக் காக்கும் டெக்ஸ்ராசாக்சேன் சிலருக்குத் தரப்படும். இதய டாக்டர் மாத்திரை தொடங்குவார். ட்ராஸ்டுசுமாப் ஏற்றும் காலம் முழுக்க மூன்று மாதத்துக்கு ஒரு எக்கோ, டாக்சோரூபிசின் முடிந்தவர்களுக்கு ஓராண்டுக்குள் இன்னொன்று. ஒவ்வொரு முறையும் அந்த முதல் ரிப்போர்ட்டையும் ஃபைலில் வைத்து எடுத்துப் போங்கள்.