கானசர்னா யாரு? அதுக்கு நம்மகிட்ட ஒரு பழைய சொல் இருக்கு

பழைய இத்தாலிய வயலின் பத்தி எதை எடுத்துப் படிச்சாலும் கோசியோ பிரபு பேரு வராம இருக்காது. முழுப் பேரு இக்னாசியோ அலெஸ்ஸாண்ட்ரோ கோசியோ, 1755ல காசாலே மொன்ஃபெர்ராத்தோல பொறந்தவர், 1840 வரைக்கும் இருந்தவர். இவரைப் பத்தி எழுதுறவங்க எப்பவும் ரெண்டு சொல் போடுவாங்க. ஒண்ணு கலெக்டர், இன்னொண்ணு கானசர். கலெக்டர்ல பெரிய சிக்கல் இல்ல. நம்ம ஊர்ல கலெக்டர்னா மாவட்ட ஆட்சியர்தான் ஞாபகம் வரும், வெள்ளைக்காரன் காலத்துல வரி வசூல் பண்ணதால வந்த பேரு அது, ஆனா பொருள் சேர்க்கிறவருக்கு சேகரிப்பாளர்னு நல்ல தமிழ் இருக்கு, போட்டுக்கலாம். கானசர்தான் மாட்டிக்குது.

கானசர் பிரெஞ்சுல இருந்து இங்கிலீஷுக்குப் போன சொல். வேர் லத்தீன்ல, 'அறிந்துகொள்' 'தெரிந்துகொள்'ங்கிற பொருள்ல இருக்கிற கொக்னோஸ்கெரே. பிரெஞ்சுக்காரங்க பிற்பாடு தங்க எழுத்தை மாத்திக்கிட்டாங்க, இங்கிலீஷ் மட்டும் அந்தப் பழைய எழுத்தையே பிடிச்சு வச்சிருக்கு. இத்தாலியன்ல இதே வேர்ல கொனோஷித்தோரேன்னு சொல்லுவாங்க. ஆக அடிப்படையில 'அறிஞ்சவர்'. ஆனா புத்தகம் படிச்சு அறிஞ்சவர் இல்ல, பொருளைக் கையில எடுத்துப் பாத்து இது யார் கை வேலை, எந்தக் காலம், எங்க பழுது பாத்திருக்காங்கன்னு சொல்லத் தெரிஞ்சவர்.

தமிழ்ல இதுக்கு ரசிகர், சுவைஞர்னு போடுறாங்க. எனக்கு ரெண்டுமே ஒட்டல. ரசிகர் இன்னிக்கு நடிகருக்கு இருக்கிற ரசிகராயிட்டாரு, சுவைஞர்ல அனுபவிக்கிறது இருக்கு ஆனா எடை போடுறது இல்ல. கோசியோ செஞ்சதே எடை போடுற வேலைதான்.

அவருக்கு 20 வயசு இருக்கும்போதே, 1775ல, இத்தாலியில கிரெமோனா ஊர்ல இருந்த பாவ்லோ ஸ்ட்ராடிவாரிகிட்ட பேரம் பேச ஆரம்பிச்சாரு. பாவ்லோ துணி வியாபாரி, ஆனா அவரோட அப்பா அன்டோனியோ ஸ்ட்ராடிவாரி, 1737ல இறந்துபோன அந்தப் பெரிய கைவினைஞர். அப்பா விட்டுட்டுப் போன வயலின்ல மிச்சம் பத்து வரைக்கும்தான் வீட்டுல இருந்துச்சு. கோசியோ அதை வாங்கினதோட விடல, பட்டறையில கிடந்த அச்சு, கருவி, காகிதத்துல வெட்டி வச்ச வடிவ மாதிரி எல்லாத்தையும் சேர்த்துக் கேட்டு வாங்கினாரு. பேரம் முடியுறதுக்குள்ள பாவ்லோ இறந்துட்டாரு, மீதியை அவர் குடும்பத்துகிட்ட 1776ல முடிச்சாங்க. சும்மா பெருமைக்கு வாங்குறவன் பழைய மரக்கட்டையை எதுக்குக் கேக்கப் போறான்? இந்த இடத்துலதான் எனக்கு இவர் மேல மரியாதை வந்துச்சு.

அந்த அச்சு எப்படி இருக்கும்னா, வயலின் உருவத்துலயே, ஆனா அதைவிடக் கொஞ்சம் சின்னதா ஒரு தட்டையான பலகை. ஓரத்துல ஆறு இடத்துல வெட்டு இருக்கும், அதுல சின்னச் சின்ன கட்டையை வச்சு ஒட்டி, சூட்டுல வளைச்ச மெல்லிசான பக்கப் பட்டையை அதைச் சுத்திப் பொருத்துவாங்க. பலகையில ஆங்காங்கே ஓட்டை, இறுக்கிக் கட்டுறதுக்கு. பட்டை நின்னதும் அச்சை உருவி எடுத்துடுவாங்க, அடுத்த வயலினுக்கு அதே அச்சு. ஸ்ட்ராடிவாரி அதுல ஜி, பிஜின்னு எழுத்துப் போட்டு அடையாளம் வச்சிருந்தாரு.

டுரின்ல குவாதாஞ்ஞினிங்கிற கைவினைஞரை 1773ல பிடிச்சு, சில வருஷம் அவர் செஞ்ச வயலினை எல்லாம் இவரே வாங்கிக்கிட்டாரு. அதுக்கப்புறம் வயசான காலம் வரைக்கும் குறிப்பு எழுதிக்கிட்டே இருந்தாரு. ஒவ்வொரு கருவியோட அளவு, வார்னிஷ் நிறம், மரம், உள்ள ஒட்டியிருக்கிற சீட்டுல என்ன எழுதியிருக்கு, தலைச்சுருள் எப்படி வெட்டியிருக்குன்னு. வயலினை இப்படி ஒண்ணொண்ணா அளந்து எழுதி வச்ச முதல் ஆள்னு இவரைத்தான் சொல்லுவாங்க. ஒண்ணு மட்டும் எனக்கு உறுத்தும், தன் காலத்து ரசனைக்காக சில பழைய கருவியை மிலான்ல மான்டெகாட்சா சகோதரர்கள்கிட்ட குடுத்து மாத்தவும் வச்சாரு. அந்தக் காலத்துல எல்லாரும் செஞ்சதுதான், இருந்தாலும் இவ்வளவு கண்ணு இருந்தவர் அதைச் செஞ்சிருக்க வேண்டாம்.

இப்ப சொல்லுக்கு வரேன். நாணயத்தையும் மணிக்கல்லையும் சோதிச்சு நல்லது கெட்டது சொல்றவருக்குத் தமிழ்ல நோட்டக்காரர்னு பேரு. அந்த வேலைக்கு நோட்டம்னு பேரு, 'நோக்கு'ங்கிறதோட சொந்தம். இன்னிக்கு 'என்னடா நோட்டம் விடுற'ன்னு திருடன் வீட்டைப் பாக்கிறதுக்குச் சொல்லி சொல்லோட மதிப்பையே குறைச்சுட்டோம், ஆனா காசை நகத்துல சுண்டிக் காதுகிட்ட வச்சுக் கேட்டு, தங்கத்தை உரைகல்லுல உரசி மாத்து சொன்ன தொழிலோட சொல் அது. இன்னும் பழசா வேணும்னா வண்ணக்கன். சங்கப் புலவர்கள் பேர்லயே இருக்கு, வடம வண்ணக்கன் பேரி சாத்தனார்னு. பொன்னையும் காசையும் சோதிக்கிறவர்னுதான் அதுக்குப் பொருள் சொல்றாங்க. வண்ணக்கனை இப்ப எழுதினா யாருக்கும் புரியாது, நோட்டக்காரர் புரியும், வாயிலயும் வருது. அதனால கானசருக்கு நான் நோட்டக்காரர்னுதான் போடுறேன். வயலினை வயலினாவே விட்டுடலாம், இல்லன்னா பிடில், அது ஏற்கனவே நம்ம கச்சேரி மேடைச் சொல்லாயிடுச்சு.

சேகரிப்பாளர்னு மட்டும் ஏன் நிறுத்தக் கூடாதுன்னா, அந்தச் சேகரிப்பு அவர் கையிலயே நிக்கல. ஸ்ட்ராடிவாரி 1716ல செஞ்சதா சொல்ற 'மெசையா'ங்கிற வயலினை இவர்கிட்ட இருந்து 1827ல லூயிஜி தாரிசியோங்கிற வயலின் வியாபாரி வாங்கிட்டுப் போனாரு. தாரிசியோ 1854ல இறந்ததும் அடுத்த வருஷம் பாரிஸ்ல வியோம்ங்கிற வயலின் கைவினைஞர் கைக்கு வந்துச்சு, இப்ப ஆக்ஸ்ஃபோர்டு ஆஷ்மோலியன் மியூசியத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு. அச்சும் கருவியும் கோசியோவோட வாரிசு வழியில வந்து, 1920ல ஜுசெப்பே ஃபியோரினிங்கிற வயலின் கைவினைஞர் வாங்கி, 1930ல கிரெமோனா நகரத்துக்கே குடுத்துட்டாரு. இப்ப அங்க வயலின் மியூசியத்துல போய்ப் பாக்கலாம். குறிப்பு எல்லாம் 1950ல புத்தகமா வந்துச்சு.

1990களோட கடைசியில மெசையா உண்மையிலேயே ஸ்ட்ராடிவாரி செஞ்சதுதானான்னு பெரிய சண்டை வந்துச்சு. மேல்பலகை மரத்தோட வருஷ வளையத்தை எண்ணிப் பாத்தாங்க, அது ஸ்ட்ராடிவாரி காலத்தோட ஒத்துப்போச்சு. அந்தச் சண்டையில ரெண்டு பக்கமும் எடுத்து வச்சுப் பேசினதுல கோசியோ கைப்பட எழுதின குறிப்பும் ஒண்ணு, அதுவும் அவர் இறந்து 150 வருஷத்துக்கு மேல ஆனதுக்கப்புறம்.